"மிஸ், என்னை வேற பேர்ல கூப்பிடுவீங்களா?"

இடைவேளை மணி அடித்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஒரு குழந்தை மட்டும் கதவருகே நின்று புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. "என்னப்பா?" என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு மிக மெல்லிய குரலில், "மிஸ், என்னை வேற பேர்ல கூப்பிடுவீங்களா?" என்றது.

பாடம் நடத்தத் தெரிந்த நமக்கு இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று பி.எட். படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. மயிலாப்பூர்ப் பகுதியில் தமிழாசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் இந்தக் கேள்வியை நான் இரண்டு முறை நேராகச் சந்தித்திருக்கிறேன். மேலே சொன்னது இரண்டாவது முறை. முதல் முறை நான் தவறு செய்தேன். அந்தத் தவற்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பற்றிய கட்டுரைதான் என்றாலும், அந்த இரண்டு பிள்ளைகளின் பழைய பெயரையோ அவர்கள் விரும்பிய பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை.

முதல் முறை ஒன்பதாம் வகுப்பு. பதிவேட்டில் ஆண் என்று இருந்த மாணவர். கட்டுரை ஏட்டின் அட்டையில் ஒரு பெண் பெயரை எழுதியிருந்தார். ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பின் முன்னாலேயே, "இது யாருடைய நோட்டு? அப்பா வெச்ச பேருக்கு என்ன குறை?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. உண்மையைச் சொல்வதென்றால் நானும் சிரித்தேன். அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அக்கறையோடுதான் பேசினேன். பெற்றோருக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது, அவர்களிடம் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை ஒட்ட வெட்டிய தலையோடு வந்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. ஜனவரியில் ஒருநாள் உறவினர் ஒருவர் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றார். எந்தப் பள்ளிக்கு என்று கேட்டதற்கு, "ஊர்ப்பக்கம்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த நாளை மனத்தில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் தெரிவது இதுதான்: அந்தப் பிள்ளை என்னிடம் பதிவேட்டை மாற்றச் சொல்லவில்லை. ஆலோசனையும் கேட்கவில்லை. ஓர் ஏட்டின் அட்டையில் ஒரு பெயரை எழுதி, அதை நான் எப்படி வாசிப்பேன் என்று பார்த்தது. அதற்கு நான் ஒரு சிரிப்பும் ஒரு தொலைபேசி அழைப்பும் பதிலாகக் கொடுத்தேன்.

பெயர் என்பது மாறவே கூடாத ஒன்று என்று நாம் பேசுவது வேடிக்கைதான். தமிழ் இலக்கியம் நடத்தும் நமக்கு இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தொடங்கப்பட்டது அது. 'சாமிநாதன்' என்ற பெயர் இல்லாமல் அந்த நூலகமும் இல்லை, சங்க இலக்கியப் பதிப்பு வரலாறும் இல்லை. ஆனால் அவருக்கு முறைப்படி இட்ட பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்பது வீட்டில் அழைத்த பெயர், அதுவும் சுருங்கிச் 'சாமா' ஆகிவிட்ட பெயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சென்ற இளைஞரிடம், வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் விசாரித்தார். சாமிநாதன் என்று வீட்டில் அழைப்பார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பெயராலேயே அழைக்கத் தொடங்கினார். அது நிலைத்துவிட்டது. 'என் சரித்திர'த்தில் உ.வே.சா. இதைச் சொல்லியிருக்கிறார்.

இதை நம் நிலைமைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதும் தெரிகிறது. அங்கே கேட்டவர் ஆசிரியர், மாணவர் அல்லர். ஆசிரியரின் விருப்பத்தை அந்த இளைஞர் மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையவர்கள் தாமாக ஒரு புதுப் பெயரைச் சூட்டிவிடவில்லை. உன்னை எப்படி அழைப்பார்கள் என்று முதலில் கேட்டார். நம் வகுப்பறைகளில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. மதுரையில் பிறந்து, தம் பெண்மையை உணர்ந்ததால் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த ஒருவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் கற்கச் சென்றார். அவருக்கு 'நர்த்தகி' என்று பெயரிட்டவர் அந்த ஆசிரியர்தாம். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நர்த்தகி நடராஜை இன்று வேறு பெயரால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

பெயர் மாற்றம் கேட்கும் எல்லாப் பிள்ளைகளும் பாலின அடையாளம் காரணமாகவே கேட்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒரு நடிகரின் பெயரைச் சொல்லி அப்படிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிட்டுவிட்டுப் போவோம், ஒரு வாரத்தில் அதுவே மறந்துவிடும். அதில் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் பெயரே காயமாக இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று மகளுக்கு 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயரிட்ட வழக்கம் நம் மாநிலத்தில் இருந்தது. திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்ற பெயருள்ள பெண்களைப் பற்றி 2019இல் செய்திகள் வந்தன. மகாராஷ்டிரத்தில் அதே பொருளில் 'நகுஷா' என்பார்கள். சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அப்படிப் பெயரிடப்பட்ட 285 சிறுமிகளுக்கு மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் வழங்கியது. தினமும் காலையில் பதிவேடு வாசிக்கும்போது "வேண்டாம்" என்று கூப்பிட, "உள்ளேன் அம்மா" என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயரைச் சூட்டியது பெற்றோராக இருக்கலாம். தினமும் உரக்கச் சொல்வது நாம்.

நாமே வைக்கும் பெயர்களும் உண்டு. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் "கறுப்புக் கார்த்தி" என்றும் "வெள்ளைக் கார்த்தி" என்றும் அழைப்பதை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன். முன்னெழுத்து என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தானே? ச. கார்த்திக், மு. கார்த்திக் என்றால் தீர்ந்தது. வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையின் பெயர் நம் வாயில் நுழையவில்லை என்று "இந்திக்காரா" என்று கூப்பிடுவதும் இதே வகைதான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களைச் சாதியைக் குறிப்பிட்டு நேராகவோ மறைமுகமாகவோ அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அழைக்கும் சொல் பற்றி அரசுக்கே ஒரு குழு சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கதவருகே நின்ற பிள்ளைக்கு வருகிறேன். இந்த முறை நான், "சரி. எந்தப் பேர்?" என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பெயரைச் சொன்னது. நான் ஒருமுறை அதைத் திருப்பிச் சொன்னேன், உச்சரிப்பு சரியா என்று கேட்பதுபோல. அந்த முகத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. பிறகு, "கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கூப்பிடவா, இல்ல நீயும் நானும் பேசும்போது மட்டுமா?" என்றேன். சற்று யோசித்து, "இப்ப நீங்க மட்டும் கூப்பிடுங்க மிஸ். அப்புறம் சொல்றேன்" என்றது. மூன்றாவதாகக் கேட்டது: "இது வேற யாருக்குத் தெரியும்?" அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது என்றது.

இந்த மூன்றாவது கேள்வியைத்தான் முதல் முறை நான் கேட்கத் தவறினேன். ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னது நம் கையில் உள்ள செய்தி அன்று. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்து வீட்டில் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் தெரிந்து வகுப்பில் தெரியாமலும் இருக்கலாம். எங்கே சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், எப்போது என்பதையும்.

பெற்றோரிடம் மறைக்கலாமா என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மறைக்கவில்லை, முந்திக்கொண்டு சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்ததால், அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தபோது எந்தப் பெயரும் சொல்லாமல், "உங்க பிள்ளை இந்த முறை செய்யுள் பகுதியை நல்லா எழுதியிருக்கு" என்றேன். தமிழில் 'பிள்ளை' என்ற சொல் இருப்பது இப்படிப்பட்ட நேரங்களில் பெரிய உதவி. ஆனால் அடி விழுகிறது, வீட்டைவிட்டுப் போய்விடுவேன், உயிரை விட்டுவிடுவேன் என்பதுபோன்ற பேச்சு வந்தால் அங்கே இரகசியம் காக்க இடமில்லை. தலைமையாசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். 14417, 1098 ஆகிய இரண்டு எண்களும் வகுப்பில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு நாமே பேசி வழிகாட்டுதல் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இது நம் மொழிக்கே உரியது. பெயரை மாற்றிக் கூப்பிட ஒப்புக்கொண்டுவிட்டு, "வாடா", "என்னடா" என்று பேச்சு வழக்கில் தொடர்ந்தால் அந்தப் பெயருக்கு என்ன பயன்? முதல் இரண்டு வாரம் என் நாக்கு அப்படித்தான் புரண்டது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டது. பிறகு வகுப்பு முழுவதற்குமே 'டா', 'டி' இரண்டையும் விட்டுவிட்டேன். "வாப்பா" என்பதும் ஒருபக்கம் சாய்கிறது என்று தோன்றியதால் "வாங்க", "கண்ணு", "தங்கம்" என்று மாறினேன். எட்டாம் வகுப்புப் பையன்களைத் "தங்கம்" என்று கூப்பிட்டால் முதலில் நெளிகிறார்கள். பிறகு பிடித்துப்போகிறது. எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. என்னுடைய குரலே கொஞ்சம் தணிந்துவிட்டது.

பதிவேட்டை என்ன செய்வது? இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். வருகைப் பதிவேடு, எமிஸ் தளம், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் நாம் நினைத்தபடி பெயரை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அது ஆவணம். அழைப்பது ஆவணம் அன்று. 1996இல் மெட்ராஸ், சென்னை ஆனது. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் என்ற பெயரோடுதான் இருக்கின்றன. அதனால் 21ஜி பேருந்தில் யாரும் தடம் மாறிப் போய்விடுவதில்லை. இரண்டு பெயர்களும் அதனதன் இடத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் செய்தது எளிது. வகுப்பில் பெயர் வாசிப்பதை விட்டுவிட்டு, இருக்கைகளைப் பார்த்து வருகையைக் குறிக்கத் தொடங்கினேன். விடைத்தாளில் தேர்வு எண் போதும்.

ஆனால் குடும்பமே ஆவணத்தில் மாற்ற விரும்பினால் காலம் தாழ்த்தச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் பெயர் மாற்றம் அரசிதழில் வெளியாக வேண்டும். அதற்கான எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை நம் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பு இது முடிந்துவிட்டால், மதிப்பெண் சான்றிதழ் முதலே ஒரே பெயர் இருக்கும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்திகா யாஷினியின் வழக்கே சான்று. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் விண்ணப்பித்தபோது, சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்பதும் தடையாக நின்றது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்து, 2017இல் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். ஒரு வேலைக்காக ஒவ்வொருவரும் உயர் நீதிமன்றம் வரை போக முடியுமா?

இதே உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையை ஆசிரியர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கு அது. கல்வி நிறுவனங்கள் செய்ய வேண்டியவை என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. திருநங்கை, திருநம்பி மாணவர்கள் கல்வி ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி செய்வது, விண்ணப்பப் படிவங்களில் ஆண், பெண் என்பவற்றோடு இன்னொரு கட்டம் சேர்ப்பது, எல்லோரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை, இவர்களைப் புரிந்துகொண்ட ஆலோசகர்கள் என்று அது நீளும். அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்கக் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தப் பொருள் தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று அந்த நீதிபதி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் ஆணை எழுதினார். நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்டது என்றால், ஆசிரியர் அறையில் ஐந்து நிமிடத்தில் "இதெல்லாம் சினிமா பார்த்துக் கெட்டுப்போறது" என்று தீர்ப்புச் சொல்லிவிடும் நமக்கு எவ்வளவு தேவை?

அதற்காக ஒரு பெயரைக் கேட்டதுமே அந்தப் பிள்ளையின் மேல் ஓர் அடையாளச் சொல்லை ஒட்டிவிடவும் கூடாது. "ஓ, நீ திருநங்கையா?" என்று ஆர்வமாகக் கேட்பதும் ஒருவகை அவசரம்தான். அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பிள்ளை. சொல்லாமலே போகலாம். நாளைக்கே பழைய பெயருக்குத் திரும்பவும் செய்யலாம். திரும்பினால், "நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா" என்று சொல்லாமல், முதல் முறை போலவே "சரி" என்று சொல்ல வேண்டும்.

வகுப்பு எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளையே, "இனிமே எல்லார் முன்னாடியும் கூப்பிடலாம் மிஸ்" என்றது. மறுநாள் பாடத்தின் நடுவே, வேறெதுவும் சொல்லாமல், அந்தப் பெயரைச் சொல்லி அடுத்த பத்தியை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்தான். "அடுத்த பத்தி நீ வாசிக்கப் போற, இடத்தைப் பார்த்து வெச்சுக்கோ" என்றேன். விளக்கவுரை எதுவும் கொடுக்கவில்லை. நாம் தடுமாறாமல் ஒரு பெயரைப் பத்து முறை சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு அது பெயராகிவிடுகிறது. உண்மையில் நான் அதிகம் பாடுபட்டது ஆசிரியர் அறையில்தான். உடற்கல்வி ஆசிரியரிடம் மட்டும் மூன்று முறை பேச வேண்டியிருந்தது. கடைசியில் அவர்தான் விளையாட்டு விழா அறிவிப்பில் சரியான பெயரை மைக்கில் சொன்னவர்.

இப்போதெல்லாம் ஜூன் மாதம் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கால் பக்கத் தாள் ஒன்று கொடுக்கிறேன். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் தனியாகத் தெரிவார், அதனால் எல்லோருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர், உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும், அப்படி எங்கே கூப்பிடலாம் என்று மூன்று வரி. மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம். வருபவை பெரும்பாலும் சின்னச் சின்னச் செய்திகள்தான். "என்னைப் பாப்பானு கூப்பிடாதீங்க." "என் பேர்ல நெடில் வரும் மிஸ், எல்லாரும் குறிலா சொல்றாங்க." "அப்பா பேர் இனிஷியல் வேண்டாம், அம்மா பேர் போதும்" என்று ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்துவிட்டு, அன்று மதியம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இந்த ஆண்டு வந்த தாள்களில் ஒன்றில் முதல் வரி மட்டும் நிரப்பியிருந்தது. இரண்டாவது வரியில் ஏதோ எழுதி, ரப்பரால் அழித்து, தாளே கிழியும் அளவுக்குத் தேய்த்திருந்தது. அதன் கீழே பென்சிலில், "அப்புறம் சொல்றேன் மிஸ்" என்று இருந்தது. அந்தத் தாளை என் பாடக்குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளையில் மட்டும் இரண்டு நிமிடம் தாமதித்து வகுப்பைவிட்டு வெளியே வருகிறேன்.